‘ஆல்பட்ராஸ்’ என்ற பெயர் எப்படி வந்தது? ‘கழுத்தில் ஆல்பட்ராஸ்’ என்றால் என்ன பொருள்?

இதே கேள்வி எனக்கு ஒரு மொழிபெயர்ப்பு வேலையில் வந்து மாட்டியது. ஒரு கம்பெனியின் பழைய கடனைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரை. அந்தக் கடன் அவர்கள் கழுத்தில் கிடக்கும் ஆல்பட்ராஸ் என்று இருந்தது. கடலில் பறக்கிற பறவைக்குக் கழுத்தில் என்ன வேலை என்று அரை நாள் அகராதிகளைப் புரட்டினேன்.

பெயரின் வேர் அரபியில் இருக்கிறது. ‘அல்-காதூஸ்’ என்றால் நீர்ச்சக்கரத்தில் கட்டிய வாளி, நம் கமலைச் சால் மாதிரி. இந்தப் பெயர் முதலில் ஒட்டிக்கொண்டது கூழைக்கடாவுக்கு (பெலிக்கன்). அது தன் அலகுப்பை நிறையத் தண்ணீரும் மீனுமாக அள்ளுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த விளக்கம் உடனே பிடிபடும். முக்குளிப்பவன் என்று பொருள்படும் ‘அல்-கத்தாஸ்’தான் மூலம் என்பாரும் உண்டு. என் ஓட்டு வாளிக்கே.

போர்ச்சுக்கீசியர், ஸ்பானியர் வாயில் அது ‘அல்கத்ராஸ்’ ஆனது. அப்புறம் கூழைக்கடா என்றில்லை, பெரிய கடற்பறவை எதைக் கண்டாலும் அதே பெயர்தான். 1775-இல் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவுக்கு வந்த ஸ்பானிய மாலுமி அயாலா, அங்கே ஒரு தீவுக்கு அல்கத்ராஸ்களின் தீவு என்று பெயர் வைத்தார். பிற்காலத்தில் பேர்பெற்ற அல்கட்ராஸ் சிறையின் பெயர் இந்த வழியில் வந்ததுதான்.

தென்கடல்களில் மூன்றரை மீட்டர் வரை இறக்கை விரிக்கும் வெள்ளைப் பறவைக்கு ஆங்கிலேயர் இந்தப் பெயரைச் சூட்டியபோது, முன்பாதி ‘ஆல்ப’ என்று திரிந்தது. லத்தீனில் ‘ஆல்பஸ்’ என்றால் வெள்ளை. அதன் சாயல் என்கிறார்கள். ஆக, வாளிக்கு வெள்ளையடித்தாகிவிட்டது!

சரி, கழுத்துக்கு வருவோம். 1798-இல் வெளியான, ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜின் நெடுங்கவிதையில், கப்பலோடு கூடவே வந்த ஆல்பட்ராஸை ஒரு மாலுமி காரணமே இல்லாமல் அம்பெய்து கொன்றுவிடுவான். காற்று நின்று, குடிக்கத் தண்ணீரும் இல்லாமல் போனதும், மற்றவர்கள் செத்த பறவையை அவன் கழுத்திலேயே மாட்டிவிடுவார்கள். அதனால் ‘கழுத்தில் ஆல்பட்ராஸ்’ என்றால் வெறும் சுமை அல்ல, உதற முடியாத சுமை. பெரும்பாலும் தானே தேடிக்கொண்டது. கோல்ஃபில் மட்டும் இதே சொல் நல்ல செய்தி: பந்தை ஐந்து முறை அடித்து முடிக்க வேண்டிய குழியை இரண்டே முறை அடித்து முடித்தால் ஆல்பட்ராஸ்.

வேலியில் போன ஓணானை வேட்டிக்குள் விட்ட கதை என்று எழுதலாமா என்று கை துறுதுறுத்தது. ஆனால் ஓணானை உதறிவிடலாமே! கடைசியில் ‘தானே கழுத்தில் மாட்டிக்கொண்ட சுமை’ என்று எழுதி அனுப்பினேன். அச்சில் வந்தபோது ‘கடன் சுமை’ என்று மட்டும் இருந்தது.