ரெப்போ குறைந்தும் என் தவணை ஏன் குறையவில்லை?

கேள்வி: மும்பை சயான் கோலிவாடாவில் வசிக்கிறேன். டோம்பிவிலியில் வீடு வாங்க 2014-ல் ஒரு வங்கியில் மாறும் வட்டிக்கு 20 ஆண்டுக் கடன் எடுத்தேன். 2020 ஊரடங்கில் ஆறு மாதம் தவணை கட்டவில்லை. ரெப்போ குறைந்தது என்று செய்தியில் சொல்கிறார்கள். என் தவணை அப்படியே இருக்கிறது. 2034-ல் முடிய வேண்டிய கடன் இப்போது 2037 என்று காட்டுகிறது. ரிசர்வ் வங்கியின் நிவாரணத் திட்டத்தில் வட்டியைக் குறைத்துத் தருவதாக ஒரு ஏஜென்ட் 20,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா? எனக்கு வயது 51.

பதில்: கொடுக்காதீர்கள். தனி மனிதரின் கடன் கணக்கில் கை வைத்து வட்டியைக் குறைக்கும் திட்டம் எதுவும் ரிசர்வ் வங்கியிடம் இல்லை. அந்த ஏஜென்ட் செய்யப்போவது உங்கள் வங்கிக் கிளையில் ஒரு மனு கொடுப்பது, அவ்வளவுதான். அதை நீங்களே கொடுக்கலாம்.

வங்கிகள் ரிசர்வ் வங்கியிடம் குறுகிய காலத்துக்கு வாங்கும் பணத்துக்கான வட்டிதான் ரெப்போ. தொழில் படுத்தால் அதைக் குறைப்பார்கள், விலைவாசி ஏறினால் கூட்டுவார்கள். 2020 மார்ச்சில் 5.15 சதவீதமாக இருந்தது மே மாதம் 4 ஆனது. 2022 மே முதல் ஏறி, 2023 பிப்ரவரியில் 6.5-ல் நின்றது. 2025-ல் நான்கு முறை குறைத்து 5.25-க்குக் கொண்டுவந்தார்கள்.

உங்கள் கடன் அந்தக் கயிற்றில் கட்டியதல்ல. 2014-ல் வங்கிகள் ‘பேஸ் ரேட்’ என்ற தங்கள் சொந்தக் கணக்கில் வட்டி போட்டன. 2016-ல் எம்சிஎல்ஆர் என்ற புது முறை வந்தது, அதுவும் வங்கியின் கணக்குதான். ரெப்போ குறைந்தால் அங்கே தேய்ந்து தேய்ந்துதான் வந்து சேரும். 1.10.2019-க்குப் பிறகு வங்கிகள் கொடுக்கும் மாறும் வட்டி வீட்டுக் கடன்களை ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு கட்ட வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது வட்டியை மாற்றியமைக்க வேண்டும் என்பது விதி. பழைய கடன்காரர்களும் மாறிக்கொள்ளலாம். ஆனால் கேட்டால்தான்! ஆண்டுக்கணக்கில் ஒழுங்காகக் கட்டியவர்களைத் தானாக மாற்றச் சொல்லி உத்தரவு போட்டிருந்தால் இன்று இந்த ஏஜென்டுகளுக்கு வேலையே இருந்திருக்காது. இது எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

இங்கே ஒன்றைக் கவனமாகப் பாருங்கள். இந்த விதி வங்கிகளுக்கு மட்டும். உங்கள் சாங்ஷன் லெட்டரை, அதாவது கடன் அனுமதிக் கடிதத்தை எடுத்து, கடன் கொடுத்தது வங்கியா, வீட்டுவசதி நிதி நிறுவனமா என்று படியுங்கள். பல வங்கிகளுக்கு அதே பெயரில் நிதி நிறுவனமும் உண்டு. பலகையும் நிறமும் ஒன்றுபோல இருக்கும், சட்டப்படி அது வங்கி ஆகாது. தாராவியில் எனக்குத் தெரிந்த ஒருவர் வங்கிக் கடன் என்று நம்பி எட்டு மாதம் அலைந்தார். கடிதத்தின் அடியில் சின்ன எழுத்தில் ‘ஹவுசிங் ஃபைனான்ஸ்’ என்று இருந்தது. அப்படி இருந்தால் வட்டியைக் குறைக்கச் சொல்லிப் பேசிப் பாருங்கள், மறுத்தால் கடனை ஒரு வங்கிக்கு மாற்றுங்கள். தனி மனிதரின் மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது.

2037-க்கு வருகிறேன். 2020 ஊரடங்கில் தவணையைத் தள்ளிக் கட்ட வங்கிகள் கொடுத்தது அவகாசம், தள்ளுபடி அல்ல. 25 லட்சம் பாக்கி, 15 ஆண்டு மிச்சம், 8.5 சதவீத வட்டி என்று வையுங்கள். ஆறு மாதம் கட்டாவிட்டால் சுமார் 1.08 லட்சம் வட்டி அசலில் ஏறும். தவணையைக் கூட்டாமல் விட்டால் பாக்கி 180 தவணை 197 ஆகிவிடும். மீதி நீட்சி, 2022-க்குப் பின் வட்டி ஏறியபோது தவணையைக் கூட்டாமல் காலத்தை நீட்டியதால் வந்திருக்கலாம். அரசு அந்த ஆண்டு நவம்பரில் திருப்பிக் கொடுத்தது வட்டிக்கு மேல் விழுந்த வட்டியை மட்டும்; இந்தக் கணக்கில் ஏறக்குறைய 1,900 ரூபாய். முழு வட்டியையும் ரத்து செய்ய 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் மறுத்துவிட்டது. அந்த வட்டியை இப்போது மீட்டுத் தருகிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

கிளைக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள்: ‘என் கடனை ரெப்போவோடு இணைந்த வட்டிக்கு மாற்றுங்கள்; பாக்கி அசல், இன்றைய வட்டி, மீதித் தவணைகள் ஆகியவற்றை எழுத்தில் தாருங்கள்.’ நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். நியாயமான நிர்வாகச் செலவைத் தவிர வேறு கட்டணம் கேட்கக் கூடாது. ‘ஆன்லைனில் பாருங்கள்’ என்று விரட்டினால் எழுந்து வராதீர்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் புகார் செய்யலாம், உதவிக்கு 14448.

வட்டி குறைந்ததும் தவணையைக் குறைக்கட்டுமா, காலத்தைக் குறைக்கட்டுமா என்று கேட்பார்கள். இன்றைய தவணையைக் கட்ட முடிகிறது என்றால், தொகையைத் தொடாமல் காலத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். 60 வயதில் சம்பளம் நிற்கும்போது இந்தக் கடனும் நிற்க வேண்டும்.