சீட்டில் வந்த கேள்விகள்: நோயும் கேட்கப்படாத செபமும்

தங்கச்சிமடத்தில் எங்கள் அன்பியக் கூட்டத்துக்கு (பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்கள் சேர்ந்து செபிக்கும் குழு) முன்பு, நோய் பற்றிய சந்தேகங்களைச் சீட்டில் எழுதிப் போடச் சொல்லியிருந்தேன். உபதேசியாராக எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

வீட்டுக்காரருக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். வீட்டுக்கு வந்து செபித்த ஒருவர், "மறைத்த பாவம் ஏதோ இருக்கிறது" என்கிறார். (பாம்பன் அக்கா)

அடுத்த முறை அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள், அக்கா. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் காட்டி, "இவர் செய்த பாவமா, பெற்றோர் செய்ததா?" என்று சீடர்களும் கேட்டார்கள். இரண்டும் இல்லை என்றார் இயேசு (யோவான் 9). சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த 18 பேர் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகளா என்ற கேள்விக்கும் அதே பதில்தான். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியில் புயல் பாவிகளைப் பொறுக்கியா அடித்தது? ஆலயமும்தான் இடிந்து கிடக்கிறது.

விவிலியத்தில், எல்லாம் இழந்து நோயில் கிடந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் கூட உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல நண்பர்கள். பேச ஆரம்பித்த பிறகுதான் கெடுத்தார்கள், கடைசியில் கடவுளிடமே திட்டும் வாங்கினார்கள்.

வேர்க்காட்டு அந்தோணியாருக்கு ஒன்பது செவ்வாய் நேர்ந்துகொண்டேன். மகள் பிழைக்கவில்லை. என் விசுவாசம் பத்தவில்லையா? (பெயர் இல்லை)

அம்மா, இந்தச் சீட்டை ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தேன். விசுவாசத்தை நிறுத்துப் பார்த்து மருந்து தரும் கடை அல்ல விண்ணகம். "இத்துன்பக் கிண்ணம் என்னைவிட்டு அகலட்டும்" என்று கெத்சமனியில் இயேசுவே மூன்று முறை கேட்டார். அகலவில்லை. தன்னைக் குத்திய முள் போன்ற வேதனையை எடுக்கும்படி திருத்தூதர் பவுலும் மும்முறை கெஞ்சினார். "என் அருள் உனக்குப் போதும்" என்றுதான் பதில் வந்தது. அதை அவர் தன் வேதனையைப் பற்றிச் சொன்னார். பிள்ளையைப் பறிகொடுத்த உங்களிடம் அதே வசனத்தை நான் நீட்ட மாட்டேன். திருப்பாடல் 88 வாசித்துப் பாருங்கள். புலம்பிப் புலம்பி இருளிலேயே முடிகிறது, சமாதானமான வரி ஒன்றும் கடைசியில் இல்லை. அதுவும் திருச்சபை செபிக்கிற செபம்தான். அந்தோணியார் மேல் கோபம் இருந்தால் அதையும் அவரிடமே சொல்லுங்கள்.

சர்க்கரைக்கு மாத்திரை போடுவது விசுவாசக் குறைவா?

இல்லை. மருத்துவரைப் படைத்தவரே ஆண்டவர்தான் என்கிறது சீராக்கின் ஞானம் 38. தன் உடனுழைப்பாளர் திமொத்தேயுவின் வயிற்றுக்குப் பவுல் கொஞ்சம் திராட்சை மது சொன்னார். (அதைப் பிடித்துக்கொண்டு டாஸ்மாக் கிளம்பாதீர்கள்.)

ஓரியூர் செம்மண்ணைக் காலில் இருக்கும் புண்ணில் பூசலாமா?

1693இல் மறைசாட்சி அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) தலை வெட்டப்பட்ட இடம் ஓரியூர். பக்தியாக நெற்றியில் வையுங்கள். புண்ணில் வேண்டாம், சீழ் பிடிக்கும்.

நோயில்பூசுதலுக்கு (நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் அருளடையாளம்) ஃபாதரைக் கூப்பிட்டால் அப்பா பயந்துவிடுவார்.

'அவஸ்தைப் பூசுதல்' என்ற பழைய பேச்சு செய்த வேலை அது. சாகக் கிடக்கிறவருக்கு மட்டும் உரியதல்ல என்று உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கமே (1962-65) தெளிவாக்கிவிட்டது. பெரிய ஆபரேஷனுக்கு முன்பும் பெறலாம், நோய் முற்றினால் மறுபடியும் பெறலாம். அப்பாவிடம் இதை முன்னாடியே சொல்லி வையுங்கள்.

பவுல் எல்லாரையும் குணமாக்கினாரா?

தன்னோடு பயணம் செய்த துரோப்பிம் நோயுற்றிருந்ததால் அவரை மிலேத்து ஊரில் விட்டுவந்ததாக எழுதுகிறார். ஏன் சுகமாகவில்லை என்று விளக்கம் கிடையாது. அடுத்த வரியிலேயே, குளிர்காலத்துக்கு முன் வந்துவிடு என்று திமொத்தேயுவைக் கூப்பிடுகிறார்.