உழாத நிலத்துக்கு 7 வருடக் கடன் வாங்கலாமா?

கேள்வி: நானும் தம்பியும் 30 ஹெக்டேரில் மானாவாரியாக மக்காச்சோளமும் சோயாவும் மாற்றி மாற்றிப் போடுகிறோம். அதில் 10 ஹெக்டேர் குத்தகை நிலம். டீசலும் கூலியும் ஏறிக்கொண்டே போகின்றன. உழாமல் நேரடியாக விதைக்கும் கருவியை 7 வருடத் தவணையில் தருவதாக ஒரு டீலர் சொல்கிறார். உழவை விட்டால் மண்ணில் கரிமம் சேரும், அதற்குப் பணம் தருகிறோம் என்று ஒரு கார்பன் கம்பெனி 10 வருட ஒப்பந்தத்தோடு வந்திருக்கிறது. அந்தப் பணமே தவணையைக் கட்டிவிடும், பழைய கலப்பைகளை விற்று முன்பணம் போடலாம் என்கிறான் தம்பி. பருவநிலைக்கும் நல்லது என்கிறார்கள். இறங்கலாமா?

பதில்: உழவைக் குறையுங்கள், இந்தப் பருவத்திலிருந்தே. ஆனால் கடனை இப்போது வாங்க வேண்டாம். அதிலும் கார்பன் பணம் தவணையைக் கட்டும் என்று நம்பி வாங்கவே வாங்காதீர்கள். இதில் மிச்சமாவது நிஜம்தான், ஆனால் அது எவ்வளவு, எப்போது கைக்கு வரும் என்பதைப் பார்க்காமல் 7 வருடத்துக்குக் கையெழுத்துப் போடக் கூடாது.

முதலில் செலவுக் கணக்கு. ஊருக்கு ஊர் விலை வேறு என்பதால் ரூபாயில் சொல்லாமல் பங்காகச் சொல்கிறேன், உங்கள் நோட்டில் உள்ள எண்களை இதில் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு பருவத்தில் உழவு, பரம்படிப்பு, விதைப்பு எல்லாவற்றுக்கும் டீசல், கூலி, தேய்மானம் சேர்த்து 100 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். உழாமல் விதைத்தால் அது 50 ஆகலாம். டீலர் கொடுத்த தாளில் இந்த 50 மிச்சம் பெரிய எழுத்தில் இருந்திருக்கும். ஆனால் கலப்பை செய்துகொண்டிருந்த களை வேலையை இனி களைக்கொல்லியோ, மண்ணை மூடி வளரும் மூடாக்குப் பயிரோ செய்தாக வேண்டும். அதற்கு 25 போட்டால் நிகர மிச்சம் 25-தான்.

அடுத்து வரவு. அதே நிலத்தின் மொத்த விளைச்சல் 600-க்கு விற்கிறது என்று எடுத்துக்கொள்வோம். 2015-ல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் ஒரு பெரிய தொகுப்பாய்வு வந்தது. 63 நாடுகளில் 48 பயிர்களில் செய்த 610 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்ததில், உழாத நிலத்தில் விளைச்சல் சராசரியாக 5.7 சதவீதம் குறைந்திருந்தது. 600-ல் 5.7 சதவீதம் என்றால் 34. மிச்சம் 25, இழப்பு 34. தவணை கட்டுவதற்கு முன்பே கைநட்டம். மிச்சம் பிடிப்பது சின்னத் தொகையில், விளைச்சல் குறைவது பெரிய தொகையில். இந்த ஒன்றைப் பார்க்காமல்தான் நிறையப் பேர் கருவியை வாங்கிவிட்டு இரண்டாம் வருடம் முழிக்கிறார்கள்.

பயந்துவிடாதீர்கள், அதே ஆய்வில் மறுபக்கமும் இருக்கிறது. உழாமல் இருப்பதோடு பயிர்த்தட்டையை நிலத்திலேயே விட்டு, பயிர் சுழற்சியும் செய்த இடங்களில் இழப்பு 2.5 சதவீதமாகச் சுருங்கியது. 600-ல் அது 15, ஆக 10 கையில் நிற்கிறது. அப்புறம் உங்களுக்கு முக்கியமான விஷயம்: வறண்ட பகுதியில், மானாவாரியில், இந்த மூன்றையும் சேர்த்துச் செய்தபோது விளைச்சல் 7.3 சதவீதம் கூடியிருக்கிறது. மண்ணைப் புரட்டாமல் தட்டையால் மூடி வைத்தால் ஈரம் ஆவியாவது குறையும், மழைநீர் உள்ளே இறங்கும், ஒரு வாரம் மழை தள்ளிப்போனாலும் பயிர் தாங்கும். மழை அதிகமுள்ள, நீர் தேங்கும் களிமண் நிலமென்றால் இதே வேலை எதிராகத் திரும்பும். விதைக்கிற நேரத்தில் மண் குளிர்ந்து, ஈரம் காயாமல், முளைப்பு பிந்தும். உங்கள் நிலம் இதில் எந்தப் பக்கம் என்று கடிதத்தில் சொல்லவில்லை. தவணைத் தொகையைவிட முதலில் தெரிய வேண்டியது அதுதான்.

பயிருக்குப் பயிர் வித்தியாசமும் உண்டு. அதே ஆய்வாளர்களின் இன்னொரு கணக்கில் மக்காச்சோளத்தில் இழப்பு 7.6 சதவீதம், பயறு வகை, எண்ணெய் வித்து, பருத்தி ஆகியவற்றில் உழுத நிலத்துக்கும் உழாத நிலத்துக்கும் சொல்லும்படியான வித்தியாசமே இல்லை. பெரும்பாலான பயிர்களில் முதல் 1-2 வருடம் விளைச்சல் இறங்கி, 3 முதல் 10 வருடத்தில் பழைய அளவுக்கு வருகிறது. ஈரமான பகுதிகளில் மக்காச்சோளமும் கோதுமையும் மட்டும் அப்படி மீளவில்லை. இதை நிதிக்காரன் கண்ணால் பாருங்கள். தவணை முதல் வருடத்திலிருந்தே முழுசாக ஓடும், வரவோ முதல் இரண்டு வருடம்தான் அதிகம் இளைத்திருக்கும். ஏழு வருடக் கடனில் மிக ஆபத்தான காலம் எதுவோ அதிலேயே வருமானமும் பள்ளத்தில் கிடக்கும். கடன் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான், வட்டி விகிதமெல்லாம் அதற்கு அப்புறம்.

அதனால் சோயாவிலிருந்து ஆரம்பியுங்கள். சொந்த நிலத்தில் 6 ஹெக்டேர் அளவுக்கு, மக்காச்சோளம் அறுத்த தட்டைக்குள்ளேயே சோயாவை வாடகைக் கருவியால் விதையுங்கள். ஹெக்டேருக்கு இவ்வளவு என்று வாடகை கொடுப்பது முதல் பார்வைக்கு அதிகமாகத் தெரியும். ஆனால் கருவி வருடத்தில் சில நாள் மட்டுமே வயலில் ஓடும், மீதி நாளெல்லாம் கொட்டகையில் நின்றபடி வட்டியும் தேய்மானமும் தின்னும். 30 ஹெக்டேருக்கு ஒரு புதுக் கருவி பெரும்பாலும் கட்டுப்படியாகாது, பக்கத்து நிலங்களுக்கும் ஓட்டி வாடகை வாங்கினாலோ இரண்டு மூன்று பேர் கூட்டாக வாங்கினாலோதான் கணக்கு நிற்கும். மீதி 24 ஹெக்டேரில் உழவை முழுசாக விட வேண்டியதில்லை. இப்போது ஓட்டுகிற சால்களில் ஒன்றை மட்டும் நிறுத்திப் பாருங்கள். ஆழ உழுததற்குப் பிறகு பழக்கத்தால் இரண்டாம் முறை ரோட்டவேட்டர் விடுகிறவர்கள் பலர், விதைப் படுக்கைக்கு அது தேவையே இருக்காது. அதற்குக் கடனும் வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம், அந்த டீசல் அப்படியே மிச்சம்.

மிச்சமாகும் நேரத்தையும் பணமாகக் கணக்குப் போட்டிருப்பீர்கள். கூலிக்கு ஆள் வைத்து அந்தக் கூலி நிஜமாகவே குறைந்தால் அது பணம். ஓட்டுவது உங்கள் தம்பி, மிச்சமான நாளில் அவருக்கு வேறு வருமானம் இல்லை என்றால் அது ஓய்வு. ஓய்வும் நல்லதுதான், ஆனால் வங்கி அதைத் தவணையாக எடுத்துக்கொள்ளாது.

சரி, பருவநிலை. இதில் நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் உங்களிடம் பேசிய கம்பெனி மிகச் சின்ன பகுதியைத்தான் சொல்லியிருக்கும் என்று நினைக்கிறேன்.

உறுதியான நன்மை டீசல். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. ஹெக்டேருக்கு 35 லிட்டர் குறைத்தால் 95 கிலோ. இதற்கு யாரும் மண்ணைத் தோண்டி அளக்க வேண்டாம், அடுத்த வருடம் யாரும் திருப்பிக் கேட்கவும் மாட்டார்கள். மண் கரிமம் அப்படியில்லை. 2002-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, உழவை விட்ட நிலத்தில் வருடத்துக்கு ஹெக்டேருக்கு அரை டன்னுக்குச் சற்று மேல் கரிமம் சேர்வதாகவும், வேகம் 5-10 வருடத்தில் உச்சத்துக்குப் போய் 15-20 வருடத்தில் நின்றுவிடுவதாகவும் சொன்னது. கார்பன் கம்பெனிகளின் எதிர்பார்ப்பெல்லாம் இப்படிப்பட்ட எண்களின் மேல்தான் கட்டப்பட்டது. பிறகு 2007-ல் வேறு விஞ்ஞானிகள் ஒரு கேள்வி எழுப்பினார்கள்: மேல் 30 சென்டிமீட்டரை மட்டும் அளந்தால் போதுமா? ஆழமாக அளந்தபோது பல இடங்களில் அந்தக் கூடுதல் காணாமல் போனது. உழும் நிலத்தில் தட்டையும் வேரும் கீழே புரட்டப்பட்டு ஆழத்தில் கரிமமாக இருக்கிறது, உழாத நிலத்தில் அது மேலேயே குவிகிறது. மேலே மட்டும் அளந்தால் இடம் மாறியதுகூடக் கூடியதாகத் தெரியும். கரிமம் கொஞ்சம் கூடுவது பல நிலங்களில் நிஜம்தான், ஆனால் முன்பு சொன்ன அளவுக்கு இல்லை என்று 2014-ல் நேச்சர் கிளைமேட் சேஞ்ச் இதழில் பவுல்சன் என்ற மண் விஞ்ஞானியும் அவரோடு இருந்தவர்களும் எழுதினார்கள். என் முடிவும் அதுதான்: மேல்மண்ணில் கரிமம் கூடுவது உங்கள் பயிருக்கு மிக நல்லது, மண் அரிப்பு குறைவது அதைவிட நல்லது, ஆனால் அதை டன் கணக்கில் விற்கும் சரக்காக நினைத்துக் கடன் வாங்க முடியாது. பங்குச் சந்தையில் ஏறியிருக்கும் விலை மாதிரி அது, விற்று முடிக்கும் வரை உங்கள் பணம் இல்லை. மேலும் ஒரே ஒரு வருடம் களை மிஞ்சிப்போய் ஆழ உழுதால் சேர்ந்ததில் ஒரு பகுதி மறுபடி காற்றுக்குப் போய்விடும்.

உரத்திலுள்ள தழைச்சத்திலிருந்து மண்ணில் உருவாகும் நைட்ரஸ் ஆக்சைடு என்ற வாயு பற்றி உங்களிடம் யாரும் பேசியிருக்க மாட்டார்கள். ஒரு கிலோ நைட்ரஸ் ஆக்சைடு 273 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். இறுகிய, ஈரமான, வடியாத மண்ணில் உழவை விட்டால் ஆரம்ப வருடங்களில் இது கூடலாம். ஹெக்டேருக்கு வெறும் 350 கிராம் கூடினாலே டீசலில் மிச்சமான 95 கிலோவும் காலி. வறண்ட பகுதிகளில் பத்து வருடத்துக்கு மேல் தொடர்ந்து உழாமல் இருந்தாலோ, உரத்தை மேலே தூவாமல் 5 சென்டிமீட்டருக்குக் கீழே வைத்தாலோ இது குறையவும் செய்கிறது. ஆகவே கருவி வாங்கும் நாள் வந்தால், விதையோடு உரத்தையும் அந்த ஆழத்தில் இறக்கும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். போடுகிற தழைச்சத்தில் சுமார் ஒரு சதவீதம் நைட்ரஸ் ஆக்சைடாகப் போகிறது என்பது ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் பொது மதிப்பீடு. அதன்படி சோயாவுக்குப் பிறகு வரும் மக்காச்சோளத்தில் மண் பரிசோதனை பார்த்து 20 கிலோ தழைச்சத்தைக் குறைக்க முடிந்தால், வயலில் மட்டுமே 86 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமானது மிச்சம். உர ஆலையில் எரிகிற எரிபொருள் தனி. உழவைக் குறைத்து டீசலில் பெறும் நன்மைக்கு ஏறத்தாழ சமம் இது, அதுவும் உரப் பணம் மிச்சமாகிக்கொண்டே. பருவநிலை மேல் உங்களுக்கு நிஜமான அக்கறை இருப்பது கடிதத்தில் தெரிகிறது, அதனால்தான் இதைச் சொல்கிறேன்: முதல் காசை மண் பரிசோதனையில் போடுங்கள்.

இப்போது அந்த ஒப்பந்தம். சிகாகோ கிளைமேட் எக்ஸ்சேஞ்ச் என்று 2003-ல் தொடங்கிய கார்பன் சந்தை ஒன்று இருந்தது, உழாத நிலத்துக்கு விவசாயிகளுக்குப் பணம் கொடுத்தது. 2008-ல் ஒரு டன் 7 டாலருக்கு மேல் போன விலை 2010-ல் சில சென்டுகளுக்கு வந்து, அந்த வருடத்தோடு வர்த்தகமே நின்றுபோனது. சந்தை நின்றாலும் உங்கள் தவணை 7 வருடமும் ஓடிக்கொண்டே இருக்கும்.

கையெழுத்துக்கு முன் இவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பணம் உழாமல் இருப்பதற்கா, மண்ணில் அளந்த கரிம டன்னுக்கா? அளப்பது எவ்வளவு ஆழத்தில், யார் செலவில்? அவசரத்துக்கு ஒரு தடவை உழுதால் வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா? பத்து வருடம் முடிந்த பிறகும் உழக் கூடாது என்ற நிபந்தனை இருக்கிறதா? குத்தகை நிலத்தைச் சேர்க்கவே வேண்டாம், குத்தகை போனாலும் பொறுப்பு உங்கள் தலையில் நிற்கும். இன்னொன்று, பல திட்டங்கள் புதிதாக மாறுகிறவர்களுக்கு மட்டும்தான் பணம் தரும். ஆகவே சோதனைக்கு எடுக்கும் 6 ஹெக்டேருக்குப் பின்னால் இடம் கிடைக்குமா என்பதையும் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கிடைக்காது என்றாலும் சோதனையைத் தள்ளிப்போட வேண்டாம், அந்த 6 ஹெக்டேரில் நீங்கள் தெரிந்துகொள்ளப்போவது கார்பன் பணத்தைவிட மதிப்பானது.

மூன்று பருவம் இப்படி ஓட்டிவிட்டு நோட்டைத் திறங்கள். நல்ல பருவத்தை எடுக்காமல் நடுத்தரமான பருவத்தை எடுத்து, களைக்கொல்லிச் செலவும் விளைச்சல் வித்தியாசமும் கழித்த நிகர மிச்சத்தை முழு நிலத்துக்குப் பெருக்கிப் பாருங்கள். கார்பன் பணம் ஒரு காசுகூடச் சேர்க்காமல் அது தவணையைப் போல ஒன்றரை மடங்கு வந்தால் கருவி வாங்கலாம், பழைய கருவியாகக் கிடைத்தால் இன்னும் நல்லது. அப்போதும் ஒரு பருவத்து விதை, உரச் செலவு தனியாகக் கையிருப்பில் இருக்க வேண்டும்.

கலப்பைகளை விற்பது பற்றி: இப்போது வேண்டாம். வாடகைக் கருவி குறித்த நாளில் வராமல் போகலாம், மண் இறுகிப்போய் ஒரு தடவை கீறிவிட வேண்டியிருக்கலாம். ஆனால் முழு நிலமும் மாறிய பிறகு இரண்டு செட்டையும் வைத்திருந்தால் தேய்மானம் இரட்டிப்பு, அந்த வருடமே தம்பி சொல்வது போல விற்றுவிடுங்கள்.