4294967297 என்ற எண்ணில் அப்படி என்ன சிறப்பு?

பார்த்தால் ஒன்றும் தெரியாது. 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297, அவ்வளவுதான். ஆனால் இதோடு எனக்குப் பழைய கணக்கு ஒன்று பாக்கி.

கடலூர் முதுநகரிலிருந்து புதுச்சேரியில் கல்லூரிக்குப் பஸ்ஸில் போய்வந்த காலம். கணக்கு சார் ஒருநாள் இந்த எண்ணைப் பலகையில் எழுதி, "பகா எண்ணான்னு பார்த்துட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். இலக்கங்களைக் கூட்டினால் 59, அதனால் 3-ஆல் போகாது. 5, 11 இரண்டும் போகாது. அப்புறம் 7, 13, 17 என்று பஸ்ஸில் உட்கார்ந்தே வகுக்க ஆரம்பித்தேன். கிருமாம்பாக்கம் தாண்டும்போது 100-ஐக்கூட எட்டவில்லை. இதன் வர்க்கமூலம் 65536-க்குப் பக்கம். அதுவரை உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும்; ஆனால் அதற்குள்ளேயே 6542 பகா எண்கள் இருக்கின்றன என்று தெரிந்திருந்தால் நோட்டையே திறந்திருக்க மாட்டேன்.

விஷயம் இதுதான். 2-இன் அடுக்கை 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போய், கிடைப்பதோடு 1 கூட்டினால் 3, 5, 17, 257, 65537 வரும். ஐந்துமே பகா எண்கள். இந்த வரிசை முழுக்க அப்படித்தான் இருக்கும் என்று 1640 வாக்கில் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா நம்பினார். பெரிய மனிதர்தான், ஆனால் ஆறாவது எண்ணில் சறுக்கினார். அந்த ஆறாவதுதான் 2³² + 1, அதாவது நம்முடைய எண். 1732-இல் சுவிஸ் கணித அறிஞர் ஆய்லர் அதை உடைத்தார்: 641 × 6700417.

641 வரை மட்டும் 116 பகா எண்கள். என்னைப் போல வரிசையாக வகுக்கத் தேவையே இல்லை. இந்த எண்ணின் பகாக் காரணி எதுவானாலும் 64-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தாக வேண்டும் என்பது ஆய்லர் காட்டிய வழி. அப்படிப் பார்த்தால் 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே மாட்டிக்கொள்கிறது! அதிலும் 257-ஐ விட்டுவிடலாம். ஃபெர்மா வரிசையின் முதல் ஐந்து எண்களையும் (3, 5, 17, 257, 65537) பெருக்கினால் 4294967295, நம் எண்ணைவிடச் சரியாக 2 குறைவு. அந்த ஐந்தில் எது நம் எண்ணை வகுத்தாலும் 2-ஐயும் வகுக்க வேண்டியிருக்கும், அது நடக்காது.

மறுநாள் சார் போட்டுக் காட்டியது இன்னும் அழகு. வகுத்தலே இல்லை. 641 = 640 + 1, ஆக 640-ஐ 641-ஆல் வகுத்தால் மீதி −1 என்று வைத்துக்கொள்ளலாம். 640-ஐ நான்கு தடவை பெருக்கினால் மீதி 1. 640 என்பது 5 × 2⁷, எனவே அந்தப் பெருக்கல் 5⁴ × 2²⁸. சரி, 641 என்பது 625 + 16-உம்கூட. அதனால் 5⁴ இருக்கும் இடத்தில் −16, அதாவது −2⁴ போடலாம். இப்போது −2³²-க்கு மீதி 1. அப்படியென்றால் 2³² + 1-க்கு மீதி 0.

வரிசையில் அடுத்தது 2⁶⁴ + 1, இருபது இலக்கம். 1880-இல் லாண்ட்ரி என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் அதற்கு 274177 என்ற காரணியைக் கண்டுபிடித்தார். அதை நான் பஸ்ஸில் முயன்று பார்க்கவில்லை.