எழுபது வயதில் போட்ட ப்ளூஸ் ஆல்பங்கள் நிஜமாகவே நல்லவையா?

கேள்வி: "'சின்னர்ஸ்' படத்தின் கடைசியில் வரும் முதியவர் நிஜமான ப்ளூஸ் கலைஞர் பட்டி கய் என்று தெரிந்ததும் அவர் பாட்டுகளைத் தேடிக் கேட்க ஆரம்பித்தேன். எழுபது, எண்பது வயதில் இவர்கள் போடும் எலெக்ட்ரிக் ஆல்பங்கள் உண்மையிலேயே நல்லவையா, அல்லது வயதுக்கு மரியாதை கொடுத்துப் புகழ்கிறார்களா? எதைக் கேட்கலாம்?"

இரண்டும் நடக்கிறது. சும்மா மரியாதைக்குப் புகழப்பட்ட ஆல்பங்கள் நிறைய இருக்கின்றன, அவற்றில் சில விருதும் வாங்கியிருக்கின்றன. ஆனால் வயதான பிறகு போட்டதுதான் இவர் போட்டதிலேயே சிறந்தது என்று தயங்காமல் சொல்லக்கூடியவையும் உண்டு. எது எந்த ரகம் என்று பிரிக்க நான் அட்டையில் இரண்டு விஷயங்களைப் பார்ப்பேன்: எங்கே பதிவு செய்தார்கள், டிரம்ஸ் யார். கிடார் யார் என்பது மூன்றாவதுதான்.

நீங்கள் பட்டி கய்யிலிருந்து வந்திருப்பதால் அங்கேயே தொடங்குகிறேன். 1936இல் லூயிசியானாவில் லெட்ஸ்வொர்த் என்ற கிராமத்தில் பிறந்தவர், 1957இல் சிகாகோ போனார். செஸ் என்ற அந்த ஊர் ரெக்கார்ட் கம்பெனியில் மற்றவர்களுக்குக் கிடார் வாசித்துக் காலம் போனது. மேடையில் அவர் வாசித்த சத்தத்தையும் வேகத்தையும் ரெக்கார்டில் கொண்டுவர அந்தக் காலத்தில் யாருக்கும் தைரியம் வரவில்லை. எண்பதுகளில் அமெரிக்காவில் அவருக்கு ரெக்கார்ட் ஒப்பந்தமே இல்லை. 1991இல் 'டேம் ரைட், ஐ'வ் காட் தி ப்ளூஸ்' வந்து கிராமி வாங்கி எல்லாவற்றையும் மாற்றியது. எரிக் கிளாப்டன், ஜெஃப் பெக், மார்க் நாஃப்ளர் எல்லோரும் வந்து வாசித்த ஆல்பம். நல்ல ஆல்பம்தான், பளபளப்பானது. ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல வருவது அதற்குப் பத்து வருஷம் கழித்து, 2001இல் வந்த 'ஸ்வீட் டீ' பற்றி.

தயாரிப்பாளர் டென்னிஸ் ஹெரிங்குக்கு மிசிசிப்பியின் ஆக்ஸ்ஃபோர்டு ஊரில் ஒரு ஸ்டூடியோ இருந்தது, அதன் பெயர்தான் ஆல்பத்துக்கும். பட்டி கய்யை அங்கே வரவழைத்து, அந்த வட மிசிசிப்பி மலைப்பகுதிக்காரர்களின் பாட்டுகளைப் பாட வைத்தார். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது, கவனியுங்கள். பட்டி கய் சிகாகோ பாணியில் ஊறியவர்: பன்னிரண்டு பார் (ஒவ்வொன்றும் நாலு தட்டு) கொண்ட கட்டு, மூன்று கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு), முறையாக மாறி முறையாகத் திரும்பி வரும். மலைப்பகுதிப் பாட்டோ பெரும்பாலும் ஒரே கார்டில் நின்றுவிடும். ஒரு சின்ன ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிடார் வரி), அதன் மேல் குரல், அடியில் விடாத தாளம், நிமிடக்கணக்கில் அப்படியே போகும். பாடுபவருக்குத் தோன்றினால் மாறும், தோன்றாவிட்டால் மாறாது. நாற்பது வருஷம் கார்டு மாற்றத்தை நம்பிக் கிடார் வாசித்தவரிடமிருந்து அந்தப் படிக்கட்டை உருவிவிட்டார்கள்.

முதல் பாட்டைப் போட்டுப் பாருங்கள். தனிக் கிடார், தனிக் குரல். எனக்கு வயதாகிவிட்டது, முன்பு செய்ததெல்லாம் இப்போது முடியவில்லை என்று பாடுகிறார், அதுவும் முனகலாக. ஆம்ப் (ஒலிபெருக்கி) இல்லை, பேஸ் கிடார் இல்லை. அந்த மலைப்பகுதிக் கலைஞர் ஜூனியர் கிம்ப்ரோ எழுதிய பாட்டு அது. அவர் இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அதைக் கேட்டுப் பாவம் பெரியவர் என்று நீங்கள் இரக்கப்பட்டு முடிப்பதற்குள் இரண்டாவது பாட்டு வந்துவிடும். அதுவும் கிம்ப்ரோவுடையதுதான், ஏழு நிமிடம் போல ஓடும். பேஸ் கிடார் தரையோடு உறுமுகிறது, டிரம்ஸ் அவசரமே இல்லாமல் கனமாக விழுகிறது, அதற்கு மேலே அறுபத்து நாலு வயது ஆள் கிடாரை அலற விடுகிறார். வயதாகிவிட்டது என்றது யார்? இந்த இரண்டு பாட்டின் வரிசைக்காகவே அந்தத் தயாரிப்பாளருக்கு ஒரு சலாம் போடலாம்.

டிரம்ஸ் பற்றிச் சொன்னேன் அல்லவா, இந்த ஆல்பத்தில் சில பாட்டுகளில் வாசித்திருப்பவர் 'ஸ்பாம்' என்ற பட்டப்பெயர் கொண்டவர். டி-மாடல் ஃபோர்டு என்ற கிரீன்வில் ஊர்க்காரரோடு, பேஸ்கூட இல்லாமல், கிடாரும் டிரம்ஸும் மட்டுமாக வாசித்துப் பழகிய கை. ஸ்டூடியோ டிரம்மர்போல இழைத்து இழைத்து வாசிக்க மாட்டார், அடிப்பார். அந்த அடிக்கு மேல் நுணுக்கமான ஸோலோ நிற்காது, அதனால் பட்டி கய்யும் தன் வழக்கமான வித்தைகளை ஓரம் கட்டிவிட்டு ஒரே ஸ்வரத்தை இழுத்துப் பிடித்துத் தொங்குகிறார். பன்னிரண்டு நிமிட நீளத்துக்கு ஒரு பாட்டு இருக்கிறது, அதில் இது நன்றாகத் தெரியும். 'ஸ்வீட் டீ'க்குக் கிராமி கிடைக்கவில்லை. கிடைத்தவை பல இருக்கின்றன, அவற்றில் எதையும் நான் இந்த அளவுக்குத் திரும்பத் திரும்பக் கேட்பதில்லை.

டி-மாடல் ஃபோர்டு பற்றி ஒரு இடைச்செருகல். மனைவி விட்டுப் போகும்போது ஒரு கிடாரைக் கொடுத்துவிட்டுப் போனார், ஐம்பத்தெட்டு வயதில்தான் வாசிக்கவே கற்றேன் என்பது அவர் சொல்லிவந்த கதை. முதல் ஆல்பம் 1997இல், எழுபதைத் தாண்டிய பிறகு. 'மூத்த கலைஞரின் பிற்கால ஆல்பம்' என்ற வகையில் இவரை எங்கே வைப்பது என்றே தெரியாது.

சரி, மூலத்துக்குப் போவோம். கிம்ப்ரோவின் 'ஆல் நைட் லாங்' 1992இல் வந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் அப்போதுதான் முளைத்திருந்த ஃபேட் பாஸம் என்ற சின்ன கம்பெனியின் வெளியீடு. இசை விமர்சகர் ராபர்ட் பால்மர் அதை ஸ்டூடியோவில் எடுக்கவில்லை. சுலஹோமா என்ற இடத்தில் கிம்ப்ரோ நடத்திவந்த ஜூக் ஜாயின்ட்டிலேயே, அதாவது ஞாயிற்றுக்கிழமை ஊர்க்காரர்கள் குடித்து ஆடும் அந்தக் கொட்டகையிலேயே பதிவு செய்தார். டிரம்ஸ் கிம்ப்ரோவின் மகன், பேஸ் அதே பகுதியின் இன்னொரு பெரியவரான ஆர்.எல். பர்ன்சைடின் மகன். கிம்ப்ரோவுக்கு வயது அறுபத்திரண்டு. அதற்கு முன் சில தனிப்பாட்டுகள் வந்ததோடு சரி, வெளியுலகுக்கு அவரைத் தெரியாது. அந்த ஆல்பத்தில் கிடார், பேஸ், டிரம்ஸ் மூன்றும் ஒன்றுக்கொன்று இடம் விட்டு வாசிப்பதில்லை, மூன்றும் ஒரே சுழலில் கலந்து சுற்றுகின்றன. ஆடுவதற்கான இசை என்பதால் பாட்டு முடிய வேண்டிய கட்டாயமே இல்லை. முதல் தடவை கேட்கும்போது எல்லாப் பாட்டும் ஒன்றுபோல இருக்கும், அப்படித்தான் இருக்கும், பொறுமையாகக் கேளுங்கள். அவர் 1998இல் இறந்தார், 2000இல் அந்தக் கொட்டகையும் தீப்பிடித்து எரிந்துபோனது.

ஃபேட் பாஸம் மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. இந்தப் பெரியவர்களின் அடிதடி, சிறை, சாராயக் கதைகளைச் சரக்காக்கி வெள்ளைக்காரக் கல்லூரிப் பிள்ளைகளிடம் விற்றார்கள். பர்ன்சைடை 1996இல் ஜான் ஸ்பென்சரின் ராக் குழுவோடு கோத்துவிட்டார்கள், அப்புறம் 1998இல் 'கம் ஆன் இன்' ஆல்பத்தில் அவர் குரலை வெட்டி ஒட்டி ரீமிக்ஸ் போட்டார்கள். முதலாவது கூச்சலானாலும் ஒரே மூச்சில் சேர்ந்து வாசித்தது, அதில் பர்ன்சைடே அனுபவித்து வாசிப்பது கேட்கிறது, அதனால் எனக்குப் பிடிக்கும். ரீமிக்ஸ் எனக்குச் சலித்துவிட்டது. பலருக்கு அதுதான் நுழைவாயிலாக இருந்தது என்பதையும் மறுக்க முடியாது. பர்ன்சைடின் நேர்த்தியான எலெக்ட்ரிக் முகம் வேண்டுமென்றால் 1994இல் வந்த 'டூ பேட் ஜிம்' கேளுங்கள். அவருடைய பேரன் செட்ரிக் பர்ன்சைட் சிறுவயதிலேயே தாத்தாவுக்கு டிரம்ஸ் வாசிக்க ஆரம்பித்தவர். இப்போது கிடாரோடு முன்னால் நிற்கிறார், 2021இல் வந்த 'ஐ பி டிரையிங்' கிராமி வாங்கியது. அவர் கிடார் வாசிப்பதைக் கேட்டால் உள்ளே ஒரு டிரம்மர் உட்கார்ந்திருப்பது தெரியும்.

சிகாகோப் பக்கம் ஒன்று சொல்லாவிட்டால் அடிக்க வருவார்கள். சிகாகோ ப்ளூஸின் பெரிய தலையான மடி வாட்டர்ஸின் 'ஹார்ட் அகெய்ன்', 1977. அதற்கு ஒன்பது வருஷம் முன்னால் செஸ் கம்பெனி அவரை இளைஞர்களுக்குப் பிடித்தவராக்குகிறேன் பேர்வழி என்று 'எலெக்ட்ரிக் மட்' என்ற ஆல்பத்தில் சைகடெலிக் ராக் கூட்டத்துக்கு நடுவில் நிறுத்தியது, அவருக்கே அது பிடிக்கவில்லை. செஸ்ஸை விட்டு வெளியே வந்த பிறகு, அவரைத் தெய்வமாக நினைத்த கிடார்காரர் ஜானி வின்டர் கனெக்டிகட்டில் ஒரு வீட்டு ஸ்டூடியோவில் எல்லோரையும் ஒரே அறையில் உட்கார வைத்து மூன்றே நாளில் பதிவை முடித்தார். ஹார்மோனிகா ஜேம்ஸ் காட்டன், பியானோ பைன்டாப் பெர்கின்ஸ், டிரம்ஸ் வில்லி 'பிக் ஐஸ்' ஸ்மித். அறுபதைத் தாண்டிய மடி கிடாரை வின்டரிடமும் பாப் மார்கோலினிடமும் விட்டுவிட்டுப் பாட மட்டும் செய்தார். முதல் பாட்டு அவரே 1955இல் பதிவு செய்த 'மேனிஷ் பாய்'. தொடக்கத்தில் அவர் குரல் தனியாக ஒரு வரி இழுக்க, பின்னாலிருந்து வின்டர் சந்தோஷம் தாங்காமல் கத்துகிறார், அந்தக் கத்தல் அறைக்குள் மோதித் திரும்புவதுகூட மைக்கில் விழுந்திருக்கிறது. வேறு தயாரிப்பாளராக இருந்தால் அதைத் துடைத்திருப்பார்.

அந்தக் குழுவிலிருந்தே இன்னொரு கதை. பைன்டாப் பெர்கின்ஸ் முதலில் கிடார்காரர். நாற்பதுகளில் ஒரு பெண் கத்தியால் கிழித்ததில் இடது கையின் தசைநார் கெட்டு, கிடாரை விட்டுப் பியானோவோடு நின்றுவிட்டார். 2010இல் வில்லி ஸ்மித்தோடு சேர்ந்து 'ஜாயின்ட் அட் தி ஹிப்' போட்டார். அடுத்த பிப்ரவரியில் அதற்குக் கிராமி, அவருக்கு அப்போது வயது தொண்ணூற்றேழு, மார்ச்சில் காலமானார். இந்த ஆல்பத்தில் ஸ்மித் ஹார்மோனிகாவுக்கு மாறி, டிரம்ஸில் தன் மகனை உட்கார வைத்திருக்கிறார். பியானோ விரல் பல இடங்களில் தளர்ந்துதான் இருக்கிறது. ஆனால் எந்த இடத்தில் வாசிக்காமல் இருக்க வேண்டும் என்பதில் அவருக்கு இணையே இல்லை.

பிரபல விருந்தாளிகளைக் கூப்பிட்டு நிரப்பும் ஆல்பங்களைப் பற்றி ஒரு வார்த்தை. பாதிக்கு மேல் அவை கல்யாண ரிசப்ஷன் மேடைதான்: ஒவ்வொருவராக ஏறி, பெரியவர் பக்கத்தில் நின்று ஃபோட்டோ எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். ஜான் லீ ஹூக்கரின் 'தி ஹீலர்' (1989) இந்த வகைக்கே வழிகாட்டி. சந்தானாவோடும் போனி ராயிட்டோடும் வரும் பாட்டுகள் நன்றாகவே இருக்கின்றன, ராயிட்டோடு பாடியதற்குக் கிராமியும் வந்தது. ஆனால் ஹூக்கர் தன் இஷ்டத்துக்குத் தாளத்தில் ஒரு தட்டு கூட்டுவார், ஒரு தட்டு விழுங்குவார், 1948இல் காலால் பலகையைத் தட்டிக்கொண்டு தனியாகப் பாடியபோதே அப்படித்தான். ஒழுங்கான குழு பின்னால் வந்ததும் அந்தக் கோணல் மறைந்துவிடுகிறது. ஆல்பத்தின் கடைசியில் அவர் தனியாகப் பாடும் இடத்தில் அது திரும்ப வருகிறது, நான் அங்கேயிருந்துதான் கேட்பேன்.

வட்டாரம் என்று வந்தால் பென்டோனியாவைத் தவறவிடாதீர்கள். மிசிசிப்பியில் ஒரு சின்ன ஊர், ஆனால் தனக்கென்று ஒரு கிடார் சுருதி வைத்திருக்கிறது. ஆறு தந்தியையும் மைனர் கார்டாகவே கூட்டிவிடுகிறார்கள், அதனால் எதையும் அழுத்தாமல் தட்டினாலே ஒரு இருட்டு வந்துவிடும். அந்த ஊர்க்காரர் ஸ்கிப் ஜேம்ஸ் 1931இல் பதிவு செய்தது அந்தச் சுருதிதான். ஜிம்மி 'டக்' ஹோம்ஸ் அதே ஊரில், தன் பெற்றோர் 1948இல் திறந்த ப்ளூ ஃப்ரன்ட் கஃபேயை நடத்திக்கொண்டு, உள்ளூர்ப் பெரியவர் ஜாக் ஓவன்ஸிடம் கற்றதை வாசித்துவந்தவர். 2019இல் 'பிளாக் கீஸ்' ராக் குழுவின் டான் ஆவர்பாக் அவரை நாஷ்வில்லுக்கு அழைத்துப்போய் 'சைப்ரஸ் க்ரோவ்' பதிவு செய்தார். பேஸும் டிரம்ஸும் சேர்த்திருக்கிறார்கள், சில பாட்டில் இன்னொரு எலெக்ட்ரிக் கிடார் நுழைகிறது. அது எனக்குக் கொஞ்சம் அதிகம்தான், இருந்தாலும் ஹோம்ஸ் யாருக்காகவும் வேகத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

லூயிசியானா வேண்டுமா, பாபி ரஷ்ஷின் 'போர்குபைன் மீட்' (2016). நியூ ஆர்லியன்ஸில் உள்ளூர் வாத்தியக்காரர்களோடு பதிவு செய்தது. அறுபது வருஷம் போலக் கறுப்பினத்தவர் கிளப்புகளில் ஊர் ஊராகச் சுற்றியவர், எண்பதைத் தாண்டித்தான் முதல் கிராமி வாங்கினார். ஆளை விடவும் மனமில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை என்று புலம்பும் தலைப்புப் பாட்டு சிரிக்க வைக்கும். ப்ளூஸ் என்றாலே சோகம் என்று நினைத்திருந்தால் இவரிடம் போங்கள்.

எலெக்ட்ரிக் கணக்கில் சேராவிட்டாலும் ஒன்று: தாஜ் மஹால் என்ற ப்ளூஸ் கலைஞர் 1995இல் விஸ்வ மோகன் பட்டின் மோகன வீணையோடும் ரவிகிரணின் சித்ரவீணையோடும் சேர்ந்து 'மும்தாஜ் மஹால்' என்று ஒரு ஆல்பம் செய்திருக்கிறார். வெளியிட்டது இலங்கையில் பிறந்த கவிச்சந்திரன் அலெக்சாண்டரின் வாட்டர் லில்லி அகூஸ்டிக்ஸ். தந்தி மேல் வழுக்கி வாசிக்கும் இரண்டு மரபுகள் சந்திப்பதைக் கேட்க ஆசை இருந்தால் பாருங்கள்.

எதிலிருந்து தொடங்குவது என்றால் 'ஸ்வீட் டீ', அடுத்து 'ஹார்ட் அகெய்ன்', அப்புறம் தெம்பு இருந்தால் கிம்ப்ரோ. ஃபோன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள், பேஸ் முழுக்கப் போய்விடும், இந்த ஆல்பங்களில் பாதி விஷயம் அங்கேதான் இருக்கிறது. சுமாரான ஹெட்ஃபோன் போதும்.