கானாவின் வட்டத் தலை மரப்பொம்மை: அலங்காரப் பொருளா, சாமி சிலையா?

மேற்கு ஆப்பிரிக்க நாடான கானாவிலிருந்து உங்கள் நண்பர் கொண்டு வந்த வட்டத் தலை மரப்பொம்மை அலங்காரப் பொருளா, சாமி சிலையா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் இல்லை. அந்தப் பொம்மைக்கு அக்குவாபா என்று பெயர். குழந்தை வேண்டி, கானாவில் வாழும் அசாந்தி இனப் பெண்கள் பிள்ளையாகவே பாவித்துச் சுமந்த உருவம் அது.

இதற்கு அவர்கள் சொல்லும் கதை ஒன்று உண்டு. அக்குவா என்ற பெண்ணுக்குப் பல காலமாகக் குழந்தை இல்லை. பூசாரியிடம் போனாள். மரத்தில் ஒரு பிள்ளையைச் செதுக்கச் சொல்லி, அதை நிஜப் பிள்ளைபோல் வளர்த்து வா என்றார் அவர். அக்குவா அதை முதுகில் கட்டிக்கொண்டு நடமாட, 'அக்குவாவின் பிள்ளையைப் பார்' என்று ஊரே கேலி செய்தது. பிறகு அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. கேலி செய்த ஊரிலேயே மற்ற பெண்களும் அதைப் பின்பற்றினார்கள். பொம்மைக்கும் அந்தக் கேலிப் பெயரே நிலைத்துவிட்டது.

அக்குவாபா பெரும்பாலும் பெண் உருவமாகவே இருப்பதற்கு இந்தக் கதை ஒரு காரணம். ஆனால் அதைவிட அழுத்தமான காரணம் அவர்களுடைய குடும்ப முறை என்று நினைக்கிறேன். அசாந்தி மக்களுக்குத் தாய்வழியே வம்சம். பிள்ளைகள் அம்மாவின் குலத்தைச் சேர்ந்தவர்கள். சொத்தும் பதவியும் அந்த வழியில்தான் போகும். பெண் பிள்ளை இல்லையென்றால் ஒரு கிளையே அற்றுப்போகும். அதனால் குழந்தை இல்லாதது அந்தப் பெண்ணின் தனித் துயரம் மட்டுமில்லை, அவள் குலத்துக்கே கவலை.

பொம்மையைக் கையில் எடுத்துப் பாருங்கள். தட்டையான வட்ட முகம், அகன்ற நெற்றி, அடிப்பக்கத்தில் நெருங்கி நிற்கும் சின்னக் கண், மூக்கு, வாய். கழுத்தைச் சுற்றிப் பட்டை பட்டையாக வளையங்கள். அவை கொழுகொழு கழுத்தின் மடிப்புகள், செழிப்பின் அடையாளம். எல்லாமே அவர்கள் கண்ணுக்கு அழகானவை. கர்ப்பிணி இதைப் பார்த்துக்கொண்டிருந்தால் பிள்ளையும் இதேபோல் அழகாகப் பிறக்கும் என்பது நம்பிக்கை. பாசி மணி கட்டி அலங்கரிப்பதும் உண்டு. குழந்தை பிறந்த பின் நன்றிக் காணிக்கையாகக் கோயிலில் வைத்துவிடுவார்கள், இல்லையென்றால் குடும்பத்திலேயே பத்திரப்படுத்துவார்கள்.

உங்களிடம் இருப்பது பெரும்பாலும் விற்பனைக்காகச் செதுக்கியதாக இருக்கும். கானாவின் குமாசி நகருக்கு அருகில் அஹ்வியா என்ற ஊரே இந்த மரவேலைக்குப் பேர்போனது. சுமந்து பழகிய பழைய பொம்மை என்றால் கைபட்ட இடங்கள் தேய்ந்து வழவழப்பாக இருக்கும். எதுவானாலும் தாராளமாக வீட்டில் வைக்கலாம். யாராவது கேட்டால் அக்குவாவின் கதையைச் சொல்லுங்கள்.