ஊர்ப்பாசமா, இசைமதிப்பா?

கேள்வி: எங்கள் ஊரில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இயங்கிவரும் அண்டர்கிரவுண்ட் (பெரிய நிறுவனங்களைச் சாராத) ராக் குழு ஒன்றை மாணவப் பருவத்திலிருந்தே கேட்டு வருகிறேன். வெளியூர்களில் அவர்களை அறிந்தவர் மிகச் சிலரே. அவர்களைப் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம், எனக்குள்ள வியப்பு வெறும் ஊர்ப்பாசம்தானோ என்ற ஐயம் எழுகிறது. எழுதலாமா?

பதில்: தாராளமாக எழுதுங்கள். ஊர்ப்பாசம் கலந்திருக்கும்தான், அதனாலேயே உங்கள் மதிப்பீடு பிழையாகிவிடாது.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மாண்டிசானோ என்ற சிற்றூரில் 1983-இல் உருவான மெல்வின்ஸ் என்ற ராக் குழு, கடை ஒன்றின் வாகன நிறுத்துமிடத்தில் வாசித்ததைக் கேட்ட பக்கத்து ஊர் இளைஞர் ஒருவர், தாம் தேடிக்கொண்டிருந்தது இதைத்தான் என்று தமது குறிப்பேட்டில் எழுதிவைத்தார். அவர்தான் பின்னாளில் உலகப் புகழ்பெற்ற நிர்வாணா ராக் குழுவைத் தொடங்கிய கர்ட் கோபேன். அக்குழு 1988-இல் பதிவுசெய்த டெமோவில் (மாதிரிப் பதிவில்) டிரம்ஸ் வாசித்தவரும் மெல்வின்ஸின் டேல் குரோவர்தான். கோபேனுடையதும் ஊர்ப்பாசம் கலந்த வியப்புதானே?

நிர்வாணாவின் புகழுக்குப் பிறகு அட்லாண்டிக் என்னும் பெரிய நிறுவனம் மெல்வின்ஸை ஒப்பந்தம் செய்து, மூன்று ஆல்பங்களோடு கைவிட்டது. குழுவோ கலையவில்லை, பேஸ் கிதார் கலைஞர்கள் பலர் வந்து போனபோதும், பாடகரும் கிதார் கலைஞருமான பஸ் ஆஸ்பர்னும் குரோவரும் சிறிய நிறுவனங்கள் வழியாகத் தொடர்ந்து இசைத்தட்டுகளை வெளியிட்டு வந்தார்கள்.

ஆனால் நீண்ட ஆயுளை மட்டும் புகழாதீர்கள். (வேறு வேலை தெரியாததால் நீடிக்கும் குழுக்களும் உண்டு!) வேகமே வலிமை என்று ஹார்ட்கோர் பங்க் என்ற ஆவேசமான ராக் பாணிக் குழுக்கள் பல எண்ணியிருந்த காலத்தில், அதே பாணியில் தொடங்கிய மெல்வின்ஸ் தங்கள் இசையை வேண்டுமென்றே மெதுவாக்கி, கனமாக்கினார்கள் என்பதே அவர்களை நினைவுகூரச் செய்கிறது. உங்கள் ஊர்க் குழுவும் அப்படி எதைத் துணிந்து செய்தது என்று கேட்டுப்பாருங்கள். பதிவுகளை மட்டும் கேட்கும் வெளியூர்க்காரரால் இதற்கு முழுமையாக விடை சொல்ல முடியாது. எந்தப் பாடல் மேடையில் ஆண்டுக்காண்டு எப்படி மாறியது, யார் விலகியபின் ஒலி எவ்வாறு திசைமாறியது என்பதெல்லாம் அருகிலிருந்து கேட்ட உங்களுக்கே தெரியும். முதலில் அவற்றை எழுதுங்கள். பாராட்டுச் சொற்களைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். வெளியிடுமுன் ஆண்டுகளையும் பெயர்களையும் குழுவினர் ஒருவருக்கு மேற்பட்டோரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள், ஏனெனில் இசைக்கலைஞர்கள் தங்கள் வரலாற்றையே ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள்.